இரண்டு இருக்கையும் ஒன்பது பேரும்



சென்ற மாதம் ஞாயிறு மாலை உரையில் இரண்டு கார்களைப் பற்றிப் பேசியிருந்தேன். அதை எழுத்தில் தந்தால் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம் என்று சில நேயர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். ஒலிபரப்பில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன். நான் தொழிலால் கணக்காளன், மோட்டார் பொறியியல் படித்தவன் அல்லன். ஆகவே இதில் இலக்கங்கள் சற்றுக் கூடுதலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடயம் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கியது. கடந்த வருடம் என் மகள் தன் சொந்தச் சம்பளத்தில் ஒரு கார் வாங்கி வந்தாள். 2016ஆம் ஆண்டு மாஸ்டா எம்.எக்ஸ்-5. சிவப்பு நிறம், துணிக்கூரை, 1.5 லீற்றர் எஞ்சின். புதிதாக அல்ல, பழகிய கார்தான். கடனும் இல்லை. கணக்காளனாக அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஆனாலும் கதவைத் திறந்து பார்த்தவுடன் என் வாயில் வந்தது ஒரு கேள்விதான்.

"என்ன பிள்ளை, இதிலே இரண்டு சீற்தானே இருக்கு?"

"ஓம் அப்பா. ஸ்போர்ட்ஸ் கார் எண்டால் அப்பிடித்தான்."

"அவசரத்துக்கு ஆக்களை எப்படி ஏற்றுவாய்?"

மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "என்ன அவசரம் அப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரைதான் அதற்கான பதில்.

நான் அந்தச் சிவப்புக் காரை மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தது கோண்டாவிலில் எங்கள் வீட்டில் நின்ற மொறிஸ் மைனருடன்தான். எங்களில் பலருடைய வீட்டிலோ ஒழுங்கையிலோ இப்படி ஒரு கார் நின்றிருக்கும். சிலருக்கு அது ஒஸ்ரின், சிலருக்கு ஹில்மன். எங்களுக்கு மொறிஸ் மைனர்.

இரண்டு கார்களின் ஐந்தொகை

முதலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எங்கள் கார் 1952க்கும் 1956க்கும் இடையில் செய்யப்பட்ட இரண்டாம் வரிசையைச் சேர்ந்தது. நான்கு கதவு. முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும்.

அதன் நீளம் 3.76 மீற்றர். மகளின் காரின் நீளம் 3.92 மீற்றர். வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. இரண்டிலும் எஞ்சின் முன்னால். இரண்டிலும் நான்கு சிலிண்டர். இரண்டிலும் பின் சில்லுகள்தான் வண்டியைத் தள்ளுகின்றன. எடையில் மைனர் சுமார் முக்கால் தொன், மாஸ்டா சுமார் ஒரு தொன். இவ்வளவும் கேட்டால் அண்ணன் தம்பி என்று நினைப்பீர்கள்.

இனி வேறுபாடுகள். மைனரின் எஞ்சின் 803 சீசீ, 30 குதிரைவலு. மாஸ்டாவின் எஞ்சின் 1,496 சீசீ, 131 குதிரைவலு. லீற்றர் கணக்கில் பிரித்தால் பழையதில் ஒரு லீற்றருக்குச் சுமார் 37 குதிரைவலு, புதியதில் சுமார் 87. அதாவது எஞ்சின் பெருத்ததால் மட்டும் வலு கூடவில்லை. அதே அளவு இடத்திலிருந்து இரண்டு மடங்குக்கும் அதிகமான வேலை வாங்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

803 சீசீ மைனரின் உச்ச வேகம் மணிக்கு 62 மைல், அதாவது 100 கிலோமீற்றர் வரை. மாஸ்டா நின்ற இடத்திலிருந்து அந்த 100 கிலோமீற்றரைத் தொட எடுக்கும் நேரம் 8.3 விநாடி. மைனர் தன் பலமெல்லாம் திரட்டி எங்கே போய் நிற்குமோ, அந்த இடத்தை மாஸ்டா நீங்கள் ஒரு தேவாரத்தின் முதல் அடி பாடி முடிக்குமுன் தாண்டிவிடும்.

ஆனால் மைனருக்குள் நான்கு பேர் வசதியாக இருக்கலாம், ஐவர் நெருங்கி இருக்கலாம். மாஸ்டாவில் இரண்டு பேர். அதன் டிக்கி 130 லீற்றர். இரண்டு சிறு பயணப் பெட்டி வைத்தால் நிறைந்துவிடும். ஏறத்தாழ ஒரே நீளமுள்ள இரண்டு வண்டிகளில் ஒன்று அந்த இடத்தை ஆட்களுக்குக் கொடுத்தது, மற்றது ஓட்டுபவரின் மகிழ்ச்சிக்குக் கொடுத்தது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டின் வரலாற்றையும் பார்க்கவேண்டும்.

தட்டுப்பாட்டில் பிறந்த கார்

மொறிஸ் மைனர் இரண்டாம் உலகப் போரின் நடுவிலே உருவானது. ஒக்ஸ்போட்டை அடுத்த கௌலியில் இருந்த மொறிஸ் தொழிற்சாலை போர்த் தளபாடங்கள் செய்துகொண்டிருந்த காலத்தில், அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் ஒரு சிறு குழுவுடன் போருக்குப் பின்னரான சிறிய குடும்பக் காரை வரைந்துகொண்டிருந்தார். உள்ளே இடம் இருக்கவேண்டும், திருப்பத்தில் வண்டி சொன்னபடி கேட்கவேண்டும், சாதாரண மனிதன் வாங்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பவை அவருடைய எண்ணங்கள்.

மாதிரி வண்டி செய்து முடிந்த பிறகு அது மிக ஒடுக்கமாக இருப்பதாக இசிகோனிஸுக்குப் பட்டது. அதை நெடுக்காக இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டு பாதிகளையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் விலகியபோது சரியென்று பட்டது. ஆரம்பகால மைனர்களில் முன்பக்க பம்பரின் நடுவில் ஒரு சிறு இணைப்புத் துண்டு தெரியும். ஏற்கனவே செய்து வைத்த பம்பர்களை எறிய மனமில்லாமல் வெட்டி நீட்டியதன் அடையாளம் அது. கம்பனியின் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவில்லை. நீரில் அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று பழித்தார் என்பார்கள். அந்த முட்டைதான் பின்னர் பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் ஆனது. 1960இன் முடிவில் அந்த எண்ணைத் தொட்டது. 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் சுமார் 16 இலட்சம்.

கார் வெளிவந்தது 1948ஆம் ஆண்டு. லண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில், வரியோடு 358 பவுண் விலையில். அன்றைய பிரித்தானியாவை நினைத்துப் பாருங்கள். போரில் வென்ற நாடு, ஆனால் கடன்பட்ட நாடு. பெற்றோலுக்குப் பங்கீடு, அது நீங்கியது 1950இல்தான். ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டும் கம்பனிகளுக்கே உருக்கு முன்னுரிமையில் கிடைத்தது. ஆகவே கௌலியில் செய்த கார்கள் பெருமளவில் கப்பலேறின. அப்படிக் கப்பலேறியவற்றில் ஒரு பங்கு, அதே 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

புத்தகம் சொல்லாத பெறுமானத் தேய்வு

இலங்கையில் மைனர் வேறொரு வாழ்க்கை வாழ்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டதும் கார் இறக்குமதிக்கு அரசாங்கம் கடும் கட்டுப்பாடு போட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை நாட்டில் ஏற்கனவே இருந்த கார்களே திரும்பத் திரும்பக் கைமாறின.

எங்கள் அப்பா ஒரு பாடசாலை ஆசிரியர். 1971இல், வெளிநாடு போகவிருந்த ஒரு வைத்தியரிடம் இந்த மைனரை வாங்கினார். ஆங்கில எழுத்து இலக்கத் தகடு கொண்ட கார் அது. அப்பாவுக்கு அந்தத் தகட்டில் ஒரு தனிப் பெருமை. காரணம், 1957இலிருந்து வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு எதிராகத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டமும், 1958 மே மாதக் கலவரமும் உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் கார் அதற்கு முன்னரே பதிவானபடியால் அந்த எழுத்து அதில் இல்லை. ஒரு காரின் முகத்தில் எழுதியிருக்கும் நாலு எழுத்தைக்கூட வரலாறு விட்டுவைப்பதில்லை.

பிறகு நான் உயர்தரத்தில் வணிகம் படித்தேன். மோட்டார் வாகனம் வருடாவருடம் நூற்றுக்கு 20 வீதம் குறைந்து செல்லும் மீதியில் தேய்வு கணிக்கவேண்டும் என்று புத்தகம் சொன்னது. அந்தக் கணக்கின்படி எங்கள் காருக்கு ஒரு சைக்கிளின் பெறுமதிகூட மிஞ்சியிருக்கக்கூடாது. ஆனால் அப்பா கொடுத்த விலையைவிடக் கூடிய விலைக்கு அந்தக் காரைக் கேட்டு ஆட்கள் வந்துபோனார்கள். வகுப்பில் இதை ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சோதனையில் புத்தகத்தில் உள்ளதை எழுது. சந்தை நிலவரத்தைக் கொப்பரிடம் கேள்" என்றார்.

இன்று யோசித்தால் அந்தப் பதிலில் ஒரு பொருளாதாரப் பாடமே இருக்கிறது. ஒரு பொருளின் பெறுமதி அந்தப் பொருளுக்குள் மட்டும் இல்லை. அதைச் சுற்றியுள்ள கதவுகள் திறந்திருக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா என்பதிலும் இருக்கிறது. கதவு மூடிய நாட்டில் ஒரு பழைய கார் திருமணக் கார், ஆஸ்பத்திரிக் கார், சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகும் கார், கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வரக்காரரை ஏற்றி வரும் கார் என்று எல்லாமாகவும் இருந்தாக வேண்டும். எங்கள் மைனர் அப்படி இருந்தது.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் பழுதுபார்க்கும் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், காரை எறியாமல் திருத்தித் திருத்தி ஓட்டுவதே சிக்கனம் என்று 1980களில் எழுதினார். 1990களில் அவருடைய முயற்சியில், மைனருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு வந்தன. கௌலி செய்து அனுப்பிய காருக்கு இலங்கை உறுப்புச் செய்து திருப்பி அனுப்பியது.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் வராது, பற்றறி வராது, மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. ஒரு போத்தல் பெற்றோலை மருந்து மாதிரி வைத்துப் பாதுகாத்தார்கள்.

அப்போது பழைய கார்கள் உயிர்பெற்றன. காரணத்தைச் சற்று விளக்குகிறேன். எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதை அமுக்க விகிதம் என்பார்கள். 803 சீசீ மைனரில் அது சுமார் 7.2. மகளின் மாஸ்டாவில் 13. அமுக்கம் கூடக் கூட வலு கூடும், எரிபொருள் மிச்சமாகும். ஆனால் நல்ல தரமான பெற்றோல் வேண்டும். தரம் குறைந்த எரிபொருளை ஊற்றினால் நேரத்துக்கு முன்னரே பற்றிக்கொண்டு எஞ்சின் இடிக்கும். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சினோ மண்ணெண்ணெயையும் ஒருவாறு சமாளித்துக்கொள்ளும்.

ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு, முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றி இயக்கவேண்டும். எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வெள்ளைப் புகை ஒழுங்கையை மூடும். பிளக் கரி பிடிக்கும், கழற்றிச் சுரண்டவேண்டும். நிறுத்தினால் மறுபடி பெற்றோல் வேண்டும். இவ்வளவு வேலையையும் ஒரு ஸ்பானரும் ஒரு துண்டு அரத்தாளும் வைத்துக்கொண்டு அப்பாவால் செய்ய முடிந்தது. மகளின் காரில் பொனற்றைத் திறந்தால் எனக்குத் தெரிந்தது தண்ணீர் ஊற்றும் இடம் மட்டும்தான்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி அன்று அறிவித்தல் வந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பல இலட்சம் மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அதைப் பற்றி நம் வானொலியில் பலர் பேசியிருக்கிறார்கள். நான் காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்பா ஓட்டினார். உள்ளே அம்மா, அப்பம்மா, தங்கச்சி, பக்கத்து வீட்டு நிறைமாதக் கர்ப்பிணி, அவருடைய தாய், இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒழுங்கை முகப்பில் தனியாக இருந்த ஒரு வயோதிபர். அப்பாவோடு ஒன்பது பேர். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நடந்தேன். என் சேட்டுப் பையில் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல். எஞ்சின் நின்றால் திரும்ப இயக்குவதற்கு அதுதான் எங்களிடம் இருந்த முழு முதல். ஒவ்வொரு முறை நின்றபோதும் எத்தனை துளி போனது, எத்தனை மிச்சம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

நல்லூர் தாண்டிச் செம்மணி வெளிக்கு வந்தபோது கார் மனிதர் நடக்கும் வேகத்திலும் குறைவாக ஊர்ந்தது. மழையும் பெய்தது. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டே ஒரு பெண் கண்ணாடியில் தட்டினார். தன் தாயால் இனி நடக்க முடியாது, ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒரு குழந்தைக்குக்கூட இடமில்லை. யாரும் ஒன்றும் பேசவில்லை. அம்மா கதவைத் திறந்து இறங்கினார். அந்த ஆச்சி ஏறினார். மிச்சத் தூரத்தை அம்மா என்னோடு நடந்தார். அதன் பிறகும் எத்தனையோ பேர் தட்டினார்கள். இறங்குவதற்கு வேறு யாரும் இருக்கவில்லை.

அடுத்த நாள் பகல் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தோம். 1996இல் பெற்றோர் ஊருக்குத் திரும்பியபோது எஞ்சின் முற்றாகப் பழுதாகியிருந்தது. காரை உறவினர் ஒருவரின் வளவில் விட்டுவந்தார்கள். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நாசமானபோது அந்த வளவும் காரும் இல்லாமற் போயின. அப்போது நான் இங்கே லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டு கணக்கியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அவசரம் அப்பா?" என்று மகள் கேட்டதற்கு என் பதில் இதுதான். இன்றுவரை எந்தக் காரைக் கண்டாலும் நான் இருக்கைகளைத்தான் எண்ணுகிறேன்.

சாம்பலிலிருந்து வந்த விளையாட்டுக் கார்

மகள் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பா, உங்கட காரின்ட கதையைச் சொன்னீங்கள். என்ட காரின்ட கதையையும் தேடிப் பாருங்கோவன்" என்றாள். நியாயமான கோரிக்கை. தேடிப் பார்த்தேன்.

1950களிலும் 60களிலும் சிறிய, திறந்த, இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது பிரித்தானியாவின் தனிச்சொத்து. எம்.ஜி., ட்ரயம்ப், ஒஸ்ரின்-ஹீலி, லோட்டஸ் என்று பல பெயர்கள். இவற்றில் 1958இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைற்றின் பொனற்றுக்குள் இருந்தது என்ன தெரியுமா? அக்காலத்து மொறிஸ் மைனரில் இருந்த அதே 948 சீசீ எஞ்சின். இரண்டு காபுரேற்றர் பூட்டி 37 குதிரைவலுவை 43 ஆக்கியிருந்தார்கள். ஸ்ரியறிங் தொகுதியும் மைனரிலிருந்தே எடுக்கப்பட்டது. குடும்பக் காரும் விளையாட்டுக் காரும் ஒரே இரத்தம்.

1980இல் எம்.ஜி.பி. நின்றதோடு அந்தப் பிரித்தானியப் பரம்பரை ஏறத்தாழ முடிந்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே பொப் ஹோல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய பிரித்தானியக் கார்களைப் போன்ற எளிய, மலிவான ஒரு இரண்டு இருக்கைக் காரை நீங்கள் செய்யலாமே என்று யோசனை சொல்லியிருந்தார். பத்து ஆண்டு கழித்து, 1989 பெப்ரவரியில், சிக்காகோ கண்காட்சியில் அந்தக் கார் வெளிவந்தது. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது வண்டி செய்து முடிக்கப்பட்டது. மைனர் தொட்ட அதே எண்.

இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது அந்தக் கார் செய்யப்படும் ஊரின் பெயர். ஹிரோஷிமா.

1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி அணுகுண்டு விழுந்தபோது, டோயோ கோக்யோ என்ற பெயரில் இருந்த இந்தக் கம்பனியின் தொழிற்சாலை நகர மையத்திலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, ஹிஜியாமா என்ற குன்றின் மறைவில் இருந்தது. அதனால் தப்பியது. நகரமே அழிந்த நிலையில் மாவட்ட நிர்வாகம் அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தில்தான் சில காலம் இயங்கியது. அதே வருடம் டிசம்பரில் கம்பனி மீண்டும் வண்டி செய்யத் தொடங்கியது. என்ன வண்டி? மூன்று சில்லுச் சுமை வண்டி. அழிந்த நகரத்துக்கு அரிசியும் மரமும் ஏற்ற அதுதான் தேவைப்பட்டது. 1960இல்தான் முதலாவது பயணிகள் கார். 1989இல் இரண்டு இருக்கைகளோடு இந்த மகிழ்ச்சிக் கார்.

அந்தச் சுமை வண்டிக்கும் இந்த விளையாட்டுக் காருக்கும் இடையில் 44 ஆண்டுகள். நாங்கள் வலிகாமத்தை விட்டு நடந்ததற்கும் என் மகள் அந்தக் காரை வாங்கியதற்கும் இடையில் முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. இதை எந்த நிரலில் எழுதுவது என்று யோசித்தேன். வரவில்தான் எழுதவேண்டும்.

கணக்கை ஒழுங்காகப் பார்த்தால்

பழையது எல்லாம் பொன் என்று சொல்லி முடித்துவிடுவது நம் வயதுக்காரருக்கு வழக்கம். கணக்காளன் அப்படிச் செய்யக்கூடாது. எங்கள் மைனரில் ஆசனப் பட்டி இல்லை. மோதினால் ஸ்ரியறிங் தண்டு நெஞ்சுக்கு நேரே வரும். நான்கு சில்லுக்கும் பழைய ட்ரம் பிறேக். மாஸ்டா 2015இல் ஐரோப்பிய மோதல் சோதனையில் ஐந்தில் நான்கு நட்சத்திரம் பெற்றது. மைனரின் காலத்தில் அப்படி ஒரு சோதனையே இல்லை. எரிபொருளிலும், அந்த 30 குதிரைவலு மைனர் சாதாரணமாக ஒரு கலனுக்கு 40 மைலுக்குக் கிட்ட ஓடியது. 131 குதிரைவலு மாஸ்டாவின் அதிகாரபூர்வக் கணக்கு 47 மைல். வலு நான்கு மடங்குக்கு மேல் கூடியும் பெற்றோல் குறைந்திருக்கிறது.

மைனரின் பக்கத்தில் எழுதக்கூடியவை இரண்டு. ஒன்று, வீட்டுக்காரனே திருத்தலாம். மற்றது, ஒன்பது பேரைச் சுமந்தது. ஆனால் அது ஒன்பது பேரைச் சுமக்கவேண்டி வந்தது அந்தக் காரின் சிறப்பு அல்ல. அது எங்கள் காலத்தின் குற்றம். இந்த இரண்டையும் நான் நெடுங்காலம் குழப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு இருக்கை போதும் என்று ஒருவர் நினைக்க முடிகிறதென்றால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அம்புலன்ஸ் வரும், கடைக்குப் போகப் பேருந்து வரும், இரவிலே ஊரைவிட்டு ஓடச் சொல்லி யாரும் அறிவிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த நம்பிக்கையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தானே நாங்கள் இரவு வேலை செய்தோம்? கொடுத்துவிட்டு, ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பது என்ன நியாயம்?

கடைசியாக ஒன்று. மைனரை வரைந்த அலெக் இசிகோனிஸ் யார் என்று தேடியபோது தெரிந்தது இது. அவர் 1906இல் இன்றைய துருக்கியிலுள்ள ஸ்மேர்னா என்ற துறைமுக நகரில், கிரேக்க வம்சாவளித் தந்தைக்குப் பிறந்தவர். 1922இல் போர் அந்த நகரை நெருங்கியபோது, பதினைந்து வயதில், பெற்றோருடன் கப்பலேற்றப்பட்டு மோல்ட்டாவுக்கு வந்தார். சிறிது காலத்தில் தந்தை இறந்தார். 1923இல் தாயும் மகனும் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். லண்டன் பற்றர்சீயில் பொறியியல் படித்தார். கணிதத்தில் மூன்று முறை தவறினார். எங்கள் ஒன்பது பேரைச் சுமந்த குடும்பக் காரை வரைந்தவரும் நம்மைப் போல ஊரைவிட்டு ஓடி வந்தவர்தான்.

ஆனால் அந்தக் குடும்பக் காருக்கு முன், 1930களில், அவரும் ஒரு நண்பரும் ஓய்வு நேரத்தில் தங்கள் கைகளாலேயே ஒரு காரைச் செய்து முடித்தார்கள். லைற்வெயிற் ஸ்பெஷல் என்று பெயர். அது ஒரு பந்தயக் கார். அதிலே இருந்தது ஒரே ஒரு இருக்கை.

இதை வாசித்த அன்று மாலை மகளிடம், "பிள்ளை, என்னை ஒருக்கா ஏற்றிக்கொண்டு போறியா?" என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு கூரையைத் திறந்துவிட்டு ஒக்ஸ்போட் வரை போனோம். மைனர் பிறந்த கௌலியில் இன்று பி.எம்.டபிள்யூ. கம்பனி மினி கார் செய்கிறது. வெளியே நிறுத்தி வாயிலைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பினோம். வீட்டில் மனைவி வாசலில் நின்றார். "அடுத்தது நான்" என்றார். நான் இறங்கி இடம் கொடுத்தேன்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு ஒஸ்ரினோ, ஹில்மனோ, மொறிஸோ நின்றிருக்கும். அதன் படம் இருந்தால், அதில் ஏறிய ஆட்களின் பெயரோடு நம் நிலையத்துக்கு அனுப்பி வையுங்கள். உங்கள் பிள்ளைகளிடமும் அவர்களுடைய காரைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.